சுவரின் கனமும் வீட்டு அறிவுரையும்: பெருங்களத்தூர்ப் பகுதி வீடுகளின் உள்ளமைப்பு மாற்றம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டின் உட்புறத்தை எவ்வாறு அமைப்பது, பழைய வீட்டை எவ்வாறு திருத்துவது என்று அறிவுரை கூறும் பணி இன்று உள்ளக வடிவமைப்பாளர் என்னும் தனித் தொழிலரிடம் உள்ளது. முன்னர் இப்பணி மனையடி நூல் அறிந்தோர், கொத்தனார், தச்சர் ஆகிய மூவரிடமும் வீட்டுப் பெண்களின் பட்டறிவிலும் பகிர்ந்து கிடந்தது. இம்மாற்றத்தை நாகரிக நாட்டத்தின் விளைவாகக் காண்பதே பொது வழக்கு. சென்னையின் தெற்குப் புறநகரான பெருங்களத்தூரையும் அதைச் சூழ்ந்த தாம்பரம் பகுதியையும் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை, கட்டுமான முறையில் நேர்ந்த மாற்றமே, குறிப்பாகச் சுவரின் கனம் குறைந்தமையே, இப்புதிய தொழிலுக்கு இடமளித்தது என்னும் கருத்தை முன்வைக்கிறது. 2015ஆம் ஆண்டு வெள்ளம் இம்மாற்றத்தின் விளைவுகளை எவ்வாறு வெளிப்படுத்தியது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெருங்களத்தூர், தாம்பரம், மனையடி சாத்திரம், கொத்தனார், பரண், கடப்பைக் கல், உள்ளக வடிவமைப்பு, புறநகர் வரலாறு.

முன்னுரை

தமிழகக் கட்டடக் கலை வரலாறு பெரும்பாலும் கோயில், அரண்மனை, கோட்டை ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. குடியிருப்புகளைப் பற்றிய ஆய்வுகளிலும் செட்டிநாட்டு மாளிகைகள், அக்கிரகார வீடுகள் போன்ற தனித்தன்மை மிக்க வகைகளே முதன்மை பெறுகின்றன. மாதச் சம்பளக்காரர் கடன் பெற்றுக் கட்டிய புறநகர் வீடு வரலாற்றுச் சான்றாகக் கருதப்படுவது அரிது. ஆயினும் கடந்த எழுபது ஆண்டுகளில் தமிழர் குடியிருப்பு கண்ட மாற்றங்களை மிகத் தெளிவாகக் காட்டுவது அத்தகைய வீடே ஆகும்.

இக்கட்டுரை வீட்டின் வெளித்தோற்றத்தை விடுத்து உட்புறத்தை நோக்குகிறது. பொருள்களை வைக்கும் இடம் எது, அதை யார் முடிவு செய்தனர், அம்முடிவுக்கு எந்த அறிவு துணை நின்றது என்பனவே இதன் வினாக்கள். கட்டுமான நுட்பம், சட்டம், பயன்படுபொருள், சொல்வழக்கு ஆகிய நான்கும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

ஆய்வுக் களம்

பெருங்களத்தூர் தாம்பரத்துக்குத் தெற்கே, பெருந்தெற்குச் சாலை எனப்படும் ஜி.எஸ்.டி. சாலையிலும் செங்கல்பட்டு இருப்புப் பாதையிலும் அமைந்த ஊர். பழைய பெருங்களத்தூர், புதுப் பெருங்களத்தூர் என்னும் பெயர்களே ஏரிப் பாசனக் கிராமம் ஒன்று புறநகராக விரிந்த வரலாற்றைச் சுட்டுகின்றன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின் நகரில் பணிபுரிவோர் தெற்கே குடியேறுவது எளிதாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1948இல் தொடங்கப்பெற்று, பெருங்களத்தூர்–வண்டலூர் எல்லையில் மோட்டார் வாகன ஆலையை நடத்தியது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்து அவ்வாலையிலிருந்தே வெளிவந்தது. ஆலை 1980களின் இறுதியில் நின்றுபோயிற்று. இன்று அந்நிலத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

ஆலைத் தொழிலாளர், இரயில்வே ஊழியர், ஆசிரியர், அரசுப் பணியாளர் ஆகியோர் அரை மனையிலும் ஒரு மனையிலும் கட்டிய தனி வீடுகள் ஒருபுறம். தகவல் தொழில்நுட்பப் பணியாளரை நோக்கி எழுந்த அடுக்குமாடிகள் மறுபுறம். ஒரு மனை என்பது 2400 சதுர அடி. இவ்விரு வகை வீடுகளும் அடுத்தடுத்த தெருக்களில் நிற்பதால் உள்ளமைப்பு மாற்றத்தை ஒப்பிட்டு நோக்க இவ்வூர் ஏற்ற களமாகிறது. பெருங்களத்தூர்ப் பேரூராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

மனையடி மரபு: உள்ளளவின் அறிவு

வீடு அமைப்பதற்கு நூலறிவும் தொழிலறிவும் இணைந்து தேவை என்னும் எண்ணம் தமிழில் பழமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனை அமைப்பதற்கு முன்னர் கதிரவனின் நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அளந்து மனை வகுத்த செய்தியைக் கூறுகிறது. மன்னனுக்குரிய அவ்வறிவு பிற்காலத்தில் மனையடி சாத்திரம் என்னும் பெயரில் மலிவுப் பதிப்புகளாக அச்சேறி எளிய குடும்பங்களையும் அடைந்தது.

மனையடி நூலின் மையம் அறையின் உள்ளளவு. பரவலாகக் கிடைக்கும் பதிப்புகளில் 8, 10, 11, 16 அடிகள் நற்பலன் தருவனவாகவும் 7, 9, 12 அடிகள் தீப்பலன் தருவனவாகவும் குறிக்கப்படுகின்றன. அப்பலன்களை நம்புவதும் நம்பாததும் ஒருபுறமிருக்க, இவ்விதிகளின் நடைமுறை விளைவு கருதத்தக்கது. 10 அடிக்கு 11 அடி என்பது புறநகர் வீடுகளின் வழக்கமான அறையளவாக நிலைபெற்றது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஓர் அறை மட்டுமே உள்ள வீட்டில் அவ்வறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. 10 அடிக்கு 11 அடி அறை ஏறத்தாழ 10.2 சதுர மீட்டர். நூலறிவும் விதியறிவும் வெவ்வேறு வழிகளில் ஒரே அளவை ஒட்டி வந்து நிற்பதை இங்குக் காணலாம்.

மனையடி நூல் அறையை அளக்கிறது; ஆனால் அறைக்குள் பொருள்கள் எங்கே நிற்கும் என்பதைப் பெரிதும் பேசுவதில்லை. அவ்வாறு பேசவேண்டிய தேவை அக்காலத்தில் எழவில்லை. பொருள்களுக்குரிய இடத்தைச் சுவரே தந்தது.

கனத்த சுவரின் காலம்

சுவர் தாங்கும் கட்டடத்தில் கூரையின் பளுவைத் தூண்கள் ஏற்பதில்லை. செங்கற் சுவரே ஏற்கிறது. எனவே அது கனமாக இருத்தல் வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்ட பழைய வீடுகளில் 13.5 அங்குலச் சுவரும், பின்னர்ச் சிமெண்டுக் காரையில் கட்டப்பட்டவற்றில் 9 அங்குலச் சுவரும் வழக்கமாயின. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்ட மெட்ராஸ் தளம் என்னும் கூரை முறைக்கு இத்தகைய சுவர் இன்றியமையாதது. மங்களூர் ஓடு வேய்ந்த வீட்டுக்கும் அவ்வாறே. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் தென்னகமெங்கும் பரவியதை இங்கு நினைவுகூரலாம்.

கனத்த சுவர் வீட்டின் இருப்பறையாகவும் பயன்பட்டது. 13.5 அங்குலச் சுவரில் பின்புறம் 4.5 அங்குலம் விட்டால் 9 அங்குல ஆழமுள்ள மாடம் கிடைக்கும். விளக்குக்குப் பிறை, புத்தகத்துக்கு மாடம், சாமான்களுக்குச் சுவரலமாரி என்று சுவரைக் குடைந்தே இடம் அமைக்கப்பட்டது. சுவர் 9 அங்குலமாகக் குறைந்தபோது கொத்தனார் வேறொரு வழி கண்டார். சுவரை ஒட்டி 4.5 அங்குலக் குறுக்குச் சுவர்களை எழுப்பி, அவற்றினிடையே கடப்பைக் கல் பலகைகளைச் செருகி ஆழமான அலமாரிகளை அமைத்தார். கதவின் மேல்விட்டமான லிண்டல் 7 அடி உயரத்தில் செல்லும். அதையே நீட்டிச் சுமார் 2 அடி அகலத்துக்குக் கான்கிரீட் பரண் வார்த்தார். 10 அடி உயர அறையில் பரணுக்கு மேல் ஏறத்தாழ 3 அடி இடம் கிடைத்தது. பண்டிகைப் பாத்திரம், பாய், பழைய ஏடு, கொலுப் பொம்மை அனைத்தும் அங்கே ஏறின.

சொற்கள் இதற்குத் துணைச் சான்று பகர்கின்றன. புனங்காவலுக்குரிய உயர்ந்த மேடையைக் குறித்த பரண் என்னும் சொல்லே வீட்டின் மேலடுக்கையும் குறித்தது. உறி, கொடி, மாடம், பிறை ஆகிய சொற்கள் அனைத்தும் கட்டடத்தோடு பிணைந்த இருப்பிடங்களைச் சுட்டுவன. அவை கடையில் வாங்கி வந்து நிறுத்தும் பொருள்கள் அல்ல. இவ்வகை வீட்டில் உள்ளமைப்பு பற்றிய அறிவுரை கட்டும்போதே வழங்கப்பட்டது. எத்தனை அலமாரி, எவ்வளவு உயரத்தில், எந்தச் சுவரில் என்பதை வீட்டுக்காரரும் அவர் மனைவியும் தாயாரும் கட்டுமிடத்திலேயே கொத்தனாரிடம் சொல்ல, அவர் சுவரில் கரிக்கோடு போட்டுக் குறித்துக்கொண்டார். அறிவுரைக்குத் தனிக் கட்டணம் இல்லை. அது கூலிக்குள் அடங்கியது.

இம்மரபை நவீனக் கட்டடக் கலைக்குள் உணர்ந்து பயன்படுத்தியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த அவர், கட்டுமானச் செலவைக் குறைக்கும் வழிகளைத் தம் கைப்படப் படங்களுடன் சிறு நூல்களாக எழுதிப் பொதுமக்களுக்கு வழங்கினார். திருவனந்தபுரத்தில் அவர் வடிவமைத்த இந்தியன் காஃபி ஹவுஸ் கட்டடத்தில் மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. கொத்தனார் கையிலிருந்த ஓர் அறிவு, தொழில்முறைக் கட்டடக் கலைஞரின் அறிவுரையாக மக்களிடம் திரும்பி வந்ததற்கு இது சான்று.

சட்டகக் கட்டடமும் மெலிந்த சுவரும்

தூணும் உத்தரமும் கான்கிரீட்டால் அமைந்து பளுவை ஏற்கும் சட்டகக் கட்டடத்தில் சுவருக்குத் தாங்கும் கடமை இல்லை. அது தடுப்பு மட்டுமே. எனவே உட்சுவர்கள் 4.5 அங்குலமாக மெலிந்தன. அடுக்குமாடிகளின் பெருக்கம் இம்முறையைப் பொதுமையாக்கியது. வீட்டுக்கடன் வழங்கும் நிறுவனங்களின் வளர்ச்சியும் (எச்.டி.எஃப்.சி. 1977, தேசிய வீட்டுவசதி வங்கி 1988), தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டதும், வண்டலூர் வரையிலான சாலை விரிவும் பெருங்களத்தூரில் இதற்கு வழிவகுத்தன.

மெலிந்த சுவரால் கிடைத்த இடம் எவ்வளவு என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். இரு படுக்கையறை வீடொன்றில் உட்சுவர்களின் மொத்த நீளம் 60 அடி எனக் கொள்வோம். அவை 9 அங்குலமாயின் 45 சதுர அடியையும் 4.5 அங்குலமாயின் 22.5 சதுர அடியையும் அடைக்கும். மிச்சம் 22.5 சதுர அடி. ஆனால் 4.5 அங்குலச் சுவரில் மாடம் குடைய இயலாது; அடுக்குமாடியைக் கட்டுவோர் கடப்பைக் கல் அலமாரிகளைத் தாமாக அமைப்பதும் குறைந்துவிட்டது. குடிபுகுவோர் ஒவ்வொரு படுக்கையறையிலும் 6 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள மர அலமாரி ஒன்றை நிறுத்தினால் அவ்விரண்டும் 24 சதுர அடியை அடைக்கின்றன. சுவர் விட்டுக்கொடுத்த இடம் முழுவதையும் ஒட்டுப்பலகைப் பெட்டிகள் எடுத்துக்கொள்கின்றன. கட்டடத்தின் பகுதியாக இருந்த ஒன்று, தனியே விலை கொடுத்து வாங்கும் பொருளாக மாறியதே இதன் வரலாற்றுப் பொருள்.

2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் தரைவிரிப்புப் பரப்பை வரையறுக்கும்போது, வெளிச்சுவர்களின் பரப்பை நீக்கி, உட்தடுப்புச் சுவர்களின் பரப்பைச் சேர்த்தே கணக்கிடுகிறது. ஆகவே உட்சுவரின் கனம் கூடினாலும் குறைந்தாலும் பத்திரத்தில் வரும் எண் மாறுவதில்லை. வாழும் இடமே மாறுகிறது. மனையடி நூலின் நோக்கில் பார்ப்பினும் ஒரு சிக்கல் எழுகிறது. நல்லளவு எனக் கருதி 11 அடியில் அமைந்த அறை, 2 அடி அலமாரி நின்றபின் 9 அடியாகச் சுருங்குகிறது. உள்ளளவைச் சுவரிலிருந்து எடுப்பதா, அலமாரியின் முகப்பிலிருந்து எடுப்பதா என்னும் வினாவுக்கு அந்நூல்களில் விடை தேட இயலாது.

அடுக்களை: அமர்வதிலிருந்து நிற்பதற்கு

உட்புற மாற்றத்தின் பெரும்பகுதி அடுக்களையில் நிகழ்ந்தது. விறகடுப்பும் தரையில் பதித்த அம்மியும் ஆட்டுக்கல்லும் அமர்ந்து செய்யும் சமையலுக்குரியவை. எரிவாயு அடுப்பு வந்தபின் சமையல் மேடை உயர்ந்து, சமைப்பவர் நின்று வேலை செய்யலானார். மேடைக்குக் கடப்பைக் கல்லும் பின்னர்க் கிரானைட்டும் வந்தன. மின்னரவை இயந்திரங்கள் ஆட்டுக்கல்லைத் தரையிலிருந்து அகற்றின. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் எளிய வீடுகளின் சுவரிலும் கூடுதல் மின்செருகிகளைத் தேவையாக்கியது.

அடுக்களையைத் தொழில்முறையில் வடிவமைத்த உலக முன்னோடியாகச் சுட்டப்படுவது ஃபிராங்க்ஃபர்ட் அடுக்களை. மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் 1926இல் ஜெர்மனியின் பொதுக் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ 6.5 சதுர மீட்டரில் இதை வகுத்தார். வேலை செய்பவரின் நடையைக் குறைப்பதும், பெட்டிகளை ஆலையில் ஒரே அளவில் செய்து பொருத்துவதும் அதன் அடிப்படைகள். இந்திய நகரங்களில் மாடுலர் கிச்சன் எனப்படுவது அம்மரபின் வழிவந்ததே.

தமிழகத்தில் இவ்வறிவுக்கு மற்றொரு வாயிலும் இருந்தது. மனையியல் என்னும் கல்வித்துறை, இல்ல மேலாண்மை, இட அமைப்பு, வேலை எளிமை ஆகியவற்றைப் பாடமாக்கியது. கோயம்புத்தூரில் 1957இல் நிறுவப்பட்ட அவிநாசிலிங்கம் மனையியல் கல்லூரி அத்துறையின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்று. மேடையின் உயரத்தைச் சமைப்பவரின் முழங்கை உயரத்தை ஒட்டி முடிவு செய்ய வேண்டும் என்பது போன்ற கருத்துகள் அங்குக் கற்பிக்கப்படும் அறிவைச் சார்ந்தவை. கொத்தனாரிடம் வீட்டுப் பெண் தன் கையை மடக்கிக் காட்டிச் சொன்ன அளவும் இதுவே. ஆலையில் ஒரே அளவில் செய்யப்படும் பெட்டிக்கு அக்கை அளவு தெரியாது. வடிவமைப்பாளர் கேட்டறிந்தால் ஒழிய அது அடுக்களையை வந்தடைவதில்லை.

தொழில்முறை ஆலோசகரின் சட்டநிலை

1972ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. கட்டடக் கலைஞர் சட்டம் அவ்வாண்டில் இயற்றப்பட்டு, ஆர்க்கிடெக்ட் என்னும் பட்டப்பெயர் பதிவு பெற்றோருக்கே உரியதாயிற்று. இந்திய உள்ளக வடிவமைப்பாளர் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆனால் முன்னது சட்டத்தால் அமைந்த அங்கீகாரம். பின்னது தொழிலரின் சங்கம். உள்ளக வடிவமைப்பாளர் என்னும் பெயருக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு பட்டப்பெயரைப் பாதுகாக்கிறதேயன்றி அப்பணியைச் செய்வதையே பிறர்க்குத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

ஆகவே தச்சுப் பட்டறை நடத்துபவர், பலகைக் கடைக்காரர், பட்டம் பெற்ற வடிவமைப்பாளர், 2014இல் தோன்றிய லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் போன்ற இணையவழி நிறுவனங்கள் ஆகிய அனைவரும் ஒரே பெயரில் அறிவுரை வழங்க முடிகிறது. ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் பெறுவோரும் உண்டு. செய்து தரும் அலமாரியின் சதுர அடி விலைக்குள் அதை அடக்குவோரும் உண்டு. பின்னைய முறையில் ஓர் உள்முரண் இருக்கிறது. பெட்டிகள் பெருகினால் வருவாயும் பெருகும் நிலையில், ‘இவ்விடத்தில் ஒன்றும் வேண்டாம்’ என்னும் அறிவுரை ஆலோசகருக்கு இழப்பாகிறது. கூலிக்கு வேலை செய்த கொத்தனாருக்கும் கூடுதல் வேலையால் வருவாய் உண்டு எனினும், அவர் கட்டிய அலமாரி கட்டடத்தின் வாழ்நாள் முழுவதும் நின்றது.

வெள்ளத்தின் சோதனை

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம், பெருங்களத்தூர் ஆகிய பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதியின் தாழ்வான இடங்கள் நீரில் மூழ்கின.

உள்ளமைப்பு வரலாற்றில் இந்நிகழ்வு ஒரு சோதனையாக அமைந்தது. கடப்பைக் கல் அலமாரியில் நீர் புகுந்தால் வடிந்தபின் கழுவித் துடைத்துவிடலாம். மரத்துகள் பலகை நீரில் ஊறினால் உப்பிப் பிளவுபடும். மீண்டும் பழைய நிலைக்கு வாராது. ஒட்டுப்பலகைக்கு இந்தியத் தரநிலைகள் உள்ளன. பொதுப் பயனுக்குரிய பலகை ஐ.எஸ். 303 என்னும் தரத்திலும், 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனைக்கு உட்படும் கடல்தரப் பலகை ஐ.எஸ். 710 என்னும் தரத்திலும் அடங்கும். பலகை எதுவாயினும் அதன் வெட்டு விளிம்பு அடைக்கப்படாவிட்டால் நீர் அவ்வழியே ஏறும். மாடுலர் அடுக்களையின் கீழ்ப்பெட்டிகள் தரையிலிருந்து சில அங்குல உயரத்திலேயே தொடங்குவதால் முதலில் நனைபவை அவையே. மாறாக, 7 அடி உயரப் பரணில் ஏற்றப்பட்டவை வெள்ளத்துக்கு எட்டாதவை. தொழில்முறை அறிவுரையில் பழமையின் அடையாளமாகக் கருதி நீக்கப்பட்ட இரு உறுப்புகள், கற்பலகையும் பரணும், வெள்ளக்கால அறிவின் எச்சங்கள் என்பது அப்போது விளங்கிற்று.

வெள்ளம் மற்றொரு திருத்த வேலையையும் பரவலாக்கியது. சாலைகள் மீண்டும் மீண்டும் மேலடுக்கிடப்பட்டு உயர்ந்ததால் பழைய வீடுகளின் தரை தெருவினும் தாழ்ந்தது. பழைய மேலடுக்கைச் சுரண்டி எடுத்தபின்னரே புதிய சாலை இடவேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவுறுத்தியது. அதற்குள் தாழ்ந்துவிட்ட வீடுகளுக்கு இரு வழிகள் உள்ளன: வீட்டையே ஜாக்கிகளால் தூக்கி உயர்த்துதல், அல்லது உட்தரையை நிரப்பி உயர்த்துதல். இரண்டாவது வழியின் விளைவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 10 அடி உயர அறையில் தரையை 1.5 அடி உயர்த்தினால் எஞ்சுவது 8.5 அடி. வாழும் அறைக்கு விதித்தொகுப்பு கூறும் 2.75 மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 9 அடிக்கு, இது குறைவு. 7 அடிக் கதவு 5.5 அடியாகிறது, சமையல் மேடை முழங்கால் அளவுக்குத் தாழ்கிறது, மின்விசிறி தலைக்கு அருகில் வருகிறது. ஆகவே தரையை உயர்த்துதல் தரையோடு நிற்பதில்லை. கதவு நிலை, மேடை, மின்செருகி, பரண் ஆகிய அனைத்தையும் மாற்றும் முழுச் சீரமைப்பாகவே அது முடிகிறது. உள்கூரையைத் தாழ்த்தும் ஜிப்சம் அலங்காரத்துக்கு இத்தகைய வீட்டில் இடமே இல்லை.

சுவரை இடிக்கும் உரிமை: மூன்று காலங்கள்

சீரமைப்பு பற்றிய அறிவுரைகளுள் மிகப் பரவலானது ‘இந்தச் சுவரை எடுத்துவிட்டால் இடம் விசாலமாகும்’ என்பது. இவ்வோர் அறிவுரை கட்டுமானக் காலத்துக்கு ஏற்ப மூன்று வெவ்வேறு பொருள்களைப் பெறுகிறது.

சுவர் தாங்கும் பழைய வீட்டில் உட்சுவரும் கூரையைத் தாங்கக்கூடும். அதை எடுப்பதற்குமுன் முட்டுக்கொடுத்து, மேலே உத்தரம் அமைத்து, அதன் பளு இரு முனைகளிலும் அடித்தளத்தை அடைய வழி செய்தல் வேண்டும். பழைய கொத்தனார் இதை அறிந்திருந்தார். சட்டகக் கட்டடத்தில் 4.5 அங்குலத் தடுப்புச் சுவரை, அதற்குள் செல்லும் மின்கம்பி, நீர்க்குழாய் ஆகியவற்றைக் கருதி, எளிதில் நீக்க இயலும். புதிய உயரடுக்குமாடிகள் பலவற்றில் அலுமினிய அச்சுகளைப் பொருத்திச் சுவரையும் தளத்தையும் ஒருங்கே கான்கிரீட்டாக வார்க்கும் மிவன் முறை பின்பற்றப்படுகிறது. அங்கே சுவர் மெலிந்திருப்பினும் மீண்டும் தாங்கும் சுவராகிவிட்டது. அதை இடிப்பது மட்டுமன்றி, குழாய் பதிக்க ஆழமாக வெட்டுவதும் அக்கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும். பாதிப்பு மேலும் கீழும் வாழும் குடும்பங்களையும் சேரும்.

கண்ணுக்கு இவ்விரு மெல்லிய சுவர்களும் ஒன்றுபோலவே தோன்றும். பூச்சுக்குள் மறைந்திருக்கும் வேறுபாட்டை வரைபடமே காட்டும். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கட்டமைப்புக் குறை ஐந்தாண்டுக்குள் சுட்டப்பட்டால் கட்டியவரே அதைச் சரிசெய்ய வேண்டும். இடையில் உரிமையாளர் சுவரை வெட்டியிருந்தால் அக்குறை யாரால் நேர்ந்தது என்னும் வழக்கு எழ இடமுண்டு. எனவே கட்டுமான வரைபடத்தைக் கேட்காமல் சுவர் பற்றி வழங்கப்படும் அறிவுரையை, வழங்குபவரின் பட்டம் எதுவாயினும், தொழில்முறை அறிவுரையாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

பெருங்களத்தூர்ப் பகுதியை முன்வைத்து நோக்கும்போது, வீட்டு உள்ளமைப்பு அறிவுரை கொத்தனாரிடமிருந்து வடிவமைப்பாளரிடம் சென்றமைக்குச் சுவையின் மாற்றத்தைவிடச் சுவரின் மாற்றமே அடிப்படை என்பது புலனாகிறது. கனத்த சுவர் தன்னுள் இருப்பிடத்தை வைத்திருந்தது. கட்டும்போதே அறிவுரையும் முடிந்தது. சுவர் மெலிந்தபின் இருப்பிடம் வெளியே வந்து பொருளாயிற்று. பொருளைத் தேர்ந்து பொருத்த ஓர் ஆலோசகர் தேவைப்பட்டார். தேவை உண்மையானது, அதை நிறைவு செய்பவருக்குரிய தகுதி வரையறை மட்டும் இன்னும் அமையவில்லை.

இம்மாற்றத்தில் வீட்டார் பெற்றவையும் உள. சமையலறையில் நிமிர்ந்து நின்று வேலை செய்யும் வசதி, எளிதில் துடைக்கத்தக்க பரப்புகள், விருப்பத்துக்கேற்ப மாற்றும் வாய்ப்பு ஆகியன பழைய வீட்டில் இல்லாதவை. இழந்தவற்றுள் முதன்மையானது நீரைத் தாங்கும் உள்ளமைப்பு. ஏரிகளும் அடையாற்றின் நீர்ப்பிடிப்பும் சூழ்ந்த நிலத்தில் அவ்விழப்பு சிறிதன்று. கற்பலகை அலமாரியையும் பரணையும் இன்றைய சட்டகக் கட்டடத்துக்கு ஏற்ப மீட்டெடுப்பது வடிவமைப்பாளர் முன்னுள்ள பணி.

ஆய்வாளர் முன்னும் ஒரு பணி உண்டு. மனையடி நூல் அச்சில் உள்ளது. விதித்தொகுப்பும் சட்டமும் அரசிதழில் உள்ளன. எந்தச் சுவரில் எவ்வளவு ஆழம் குடையலாம், பரணின் பளுவை எதில் ஏற்றலாம், எந்த மழைக்கு எந்த அளவு தரை உயர்த்தலாம் என்னும் கொத்தனாரின் அறிவு மட்டும் பெரும்பாலும் எழுதப்படாமல் கிடக்கிறது. கடப்பைக் கல் அலமாரிகளை அமைத்த தலைமுறை முதுமை எய்தியுள்ளது. அவர்கள் கட்டிய வீடுகளும் அடுக்குமாடிக்காக ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. வாய்மொழிப் பதிவு, அளவெடுத்த வரைபடம், தொழிற்சொல் தொகுப்பு ஆகிய மூன்றையும் புறநகர் வரலாற்றாய்வு காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ளுதல் வேண்டும்.